ஓடாத ஓட்டத்தில் முதலிடம்

பள்ளியின் செய்திப் பொறுப்பு இனி இளைய ஆசிரியர்களான உங்கள் கையில் என்று கேள்விப்பட்டேன். வாழ்த்துச் சொல்வதா, அனுதாபம் சொல்வதா என்று ஒரு டீ குடிக்கிற நேரம் யோசித்தேன். இரண்டையும் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று தோன்றியது.

உங்களுக்கு இப்போது எல்லாம் சுலபம். செல்போனை நீட்டினால் படம், நாலு தட்டுத் தட்டினால் செய்தி. பெற்றோர் குழுவில் போட்ட மறு நிமிடம், படிக்காமலேயே கும்பிடுகிற பொம்மைகள் வரிசையாக வந்து விழும். நான் இந்த வேலைக்கு வந்தது கையெழுத்தினால். டிராயிங் மாஸ்டர் நான். செய்தி எழுத எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. கரும்பலகையில் நான் எழுதிய 'வருக வருக'வைப் பார்த்த அன்றைய தாளாளர், பள்ளியை நிர்வகிக்கும் பாதிரியார், "எழுத்து முத்து முத்தா இருக்கே, பேப்பருக்குப் போற செய்தியையும் நீங்களே எழுதிருங்க" என்றார். அழகாக எழுதுகிறவன் உண்மையையும் எழுதுவான் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

வேலைக்கு வந்த புதிதில் நடந்தது இது. அறிவியல் கண்காட்சியில் நம் பிள்ளை ஒன்று மாவட்டத்தில் பரிசு வாங்கியது. வழக்கம்போல மாதா சிலை இருக்கிற கல் குகைக்கு, அதுதான் கெபிக்கு, முன்னால் நிறுத்திப் படம் எடுத்தேன். நம் பள்ளியில் எந்தச் சாதனையும் அந்தக் கெபிக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் சாதனை ஆகும், அது உங்களுக்கே தெரியும். நடுவில் ஃபாதர், பக்கத்தில் தலைமையாசிரியை சிஸ்டர், அந்தப் பக்கம் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், அவருடைய மச்சினர், மச்சினரோடு சும்மா வந்திருந்த ஒருத்தர். பிள்ளை ஓரத்தில். பேப்பர்காரர்கள் இடமில்லை என்று ஓரத்தை நறுக்கிப் போட்டுவிட்டார்கள். மறுநாள் அந்தப் பிள்ளையின் அம்மா காரியாபட்டியிலிருந்து பேப்பரோடு வந்து இறங்கியது.

"சார், இதுல எம்மக எங்க இருக்கா?"

"கப்பைப் பிடிச்சிருக்கிற கை தெரியுதுல்லம்மா, அதுதான்."

அந்தம்மா பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தது. முகம் மலர்ந்துபோனது. "ஆமா சார், அவ வளையல்தான்! கோயில் திருவிழாவுல வாங்கிக் குடுத்தேன்."

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். கை வந்ததற்கே சந்தோசப்பட்டுப் போனதே, அது இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து பிள்ளையை நடுவில் நிறுத்தினேன். பெரியவர்கள் தாங்களாகவே நடுவுக்கு நகர்ந்து வந்துவிடுவார்கள். அதையும் பழகிக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்தத் தொழிலில் குரு என்று ஒருவர் உண்டென்றால், அருப்புக்கோட்டையில் உரக்கடை வைத்துக்கொண்டு மிச்ச நேரத்தில் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிய ஒரு பகுதிநேர நிருபர்தான். பேர் சொன்னால் கோபித்துக்கொள்வார். யூரியா மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு பாடம் நடத்துவார். "சார், பிள்ளை பேரு முதல் வரியில வரணும். ரெண்டாவது வரிக்குப் போயிருச்சுன்னா அது ஃபாதர் செய்தி. மூணாவது வரிக்குப் போயிருச்சுன்னா அது பந்தல்காரன் செய்தி." இத்தனை வருசத்தில் இதைவிட நல்ல பாடம் நான் கேட்கவில்லை.

அதே மனிதர்தான் இன்னொரு பழக்கத்தையும் பழக்கிவிட்டார். பள்ளிச் செய்திப் பக்கம் சீக்கிரமே அச்சுக்குப் போய்விடும், ஆகவே செய்தி மதியமே வேண்டும் என்பார். நம் விழாக்கள் சாயங்காலம் முடிகிறவை. ஆக, விழா தொடங்கும் முன்னாலேயே 'விழா இனிதே நிறைவுற்றது' என்று எழுதி அனுப்ப வேண்டும். சிறப்பு விருந்தினர் என்ன பேசப்போகிறார் என்று அவருக்கே தெரியாத நேரத்தில் அவர் பேசி முடித்ததை நான் எழுதியிருப்பேன். மேடையேறும் முன் போன் பண்ணி, "சார், நான் என்ன பேசினதாப் போட்டிருக்கீக? சொன்னீகன்னா அதையே பேசிருறேன்" என்று கேட்ட விருந்தினர்களும் உண்டு. அவர்கள் எவ்வளவோ மேல். எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு, தான் பள்ளிக்கூடம் போன கதையைப் பேசியவர்களை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

பரிசு வாங்குகிறவர்களின் பெயரை மட்டும் முன்கூட்டி எழுத முடியாதே. அந்த இடத்தைக் காலியாக விட்டு அனுப்புவேன். போட்டி முடிந்ததும் போனில் பெயரைச் சொல்வேன், நிருபர் அச்சகத்துக்குச் சொல்லி நிரப்பிக்கொள்வார். காலி இடம் என்பது எவ்வளவு ஆபத்தானது என்று எங்கள் விளையாட்டு விழாதான் எனக்குக் காட்டியது.

அந்த வருடம் பெண்களுக்கான ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம்தான் விழாவின் கடைசிப் போட்டி. அதற்கொரு சுழற்கோப்பை இருந்தது. நரிக்குடிப் பக்கத்து நிலக்காரர் ஒருவர், மிளகாயும் பருத்தியும் போடுகிறவர், தன் தகப்பனார் ஞாபகமாகக் கொடுத்தது. ஊரில் எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். பள்ளிக்கு ஆழ்குழாய் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். நம் பூமியில் தண்ணீர் கொடுத்தவர் சொல்லுக்கு ஃபாதரும் எழுந்து நிற்பார், பேராயரே வந்தாலும் அவரும் எழுந்து நிற்பார். அவருடைய பேத்தி ஹரிணி பத்தாம் வகுப்பு. நன்றாகத்தான் ஓடுவாள். ஆனால் அதே வகுப்பில் பாண்டிமீனா என்று ஒருத்தி இருந்தாளே! அவள் ஓடினால் மற்றவர்கள் நிற்கிற மாதிரித் தெரியும். அவளும் நரிக்குடிப் பக்கம்தான். தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலிவேலை. அப்பா இப்போது லோடு வண்டி ஓட்டுகிறார்.

அந்த ஓட்டத்தில் முதலாக வருகிறவளைத்தான் அரசு விளையாட்டு விடுதிக்கான தேர்வுக்குப் பள்ளி பரிந்துரைக்கும் என்று அந்த வருடம் முடிவாகியிருந்தது. பாண்டிமீனாவுக்கு அது சின்ன விஷயமில்லை. அவள் அக்கா பத்தாவது முடித்ததும் நூல் மில்லுக்குப் போய்விட்டாள். மில்லிலேயே தங்கல், மாதத்துக்கொரு முறை வீடு. இவளுக்கும் மில்லில் சொல்லி வைத்தாயிற்று. விடுதியில் இடம் கிடைத்தால் பிளஸ் ஒன், கிடைக்காவிட்டால் மில் வேன். இதை எனக்குச் சொன்னவர் விளையாட்டுச் சொல்லித்தரும் பி.டி. டீச்சர். அந்தப் பிள்ளையை ஓட வைத்ததே அவர்தான். "சார், அவ ஓடுறதைப் பாத்தா எனக்கு அழுகை வருது" என்பார். விசிலை வாயில் வைத்துக்கொண்டே அழக்கூடிய ஆள், நான் பார்த்தவரை அவர் ஒருவர்தான்.

சனிக்கிழமை விழா. மதியம் வழக்கம்போல, வெற்றியாளர் பெயரைக் காலியாக விட்டுச் செய்தியை எழுதி, அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மைக் கட்டப் போய்விட்டேன். மைக்கும் என் பொறுப்புதான். அங்கே ஃபாதர் செய்தியை ஒருமுறை பார்த்திருக்கிறார். காலி இடம் அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது. மேடையில் பெரியவர் இருக்கப்போகிறார், கோப்பை அவருடையது, பேத்தியும் ஓடுகிறாள். "எப்படியும் முன்னால வர்ற பிள்ளைதானே" என்று சொல்லிக்கொண்டே ஹரிணி பெயரைத் தன் கைப்பட நிரப்பி அனுப்பிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. எல்லோரையும் சந்தோசப்படுத்த வேண்டும் என்று நினைப்பவர். நம் வேலைக்குக் கெட்டவர்களைவிட இப்படிப்பட்டவர்களால்தான் சேதம் அதிகம்.

அப்புறம் நடந்ததை நம்ப மாட்டீர்கள். மழை பெய்தது.

வெளியூர்க்காரனிடம் இதைச் சொன்னால் "அதனால் என்ன?" என்பான். திருச்சுழிப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். மழை வந்தால் என்ன செய்வது என்று நம் பள்ளியில் எந்த விழாக் குழுவும் ஒரு வார்த்தை பேசியதில்லை. வந்தால் நல்லது என்பதோடு சரி. அணிவகுப்பு முடிந்து சிறப்பு விருந்தினர் சமாதானப் புறாவைப் பறக்கவிட்டார். புறா மேலே போய் நிலவரத்தைப் பார்த்துவிட்டு நேராகப் பந்தலுக்குள் திரும்பி வந்துவிட்டது. அடுத்த நிமிடம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. சுண்ணாம்புக் கோடெல்லாம் பாலாக ஓடியது. பிள்ளைகள் ஒதுங்கவா செய்தார்கள்? மைதானம் முழுக்க ஆட்டம். பெற்றோர்கள் பிள்ளைகளை மறந்துவிட்டு, எந்தக் கண்மாய்க்குத் தண்ணி வரும் என்று போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு போட்டியும் நடக்கவில்லை. போட்டி எல்லாம் திங்கட்கிழமை என்று அறிவித்துவிட்டு, மைக்கை என் சட்டையால் பொத்திக்கொண்டு ஓடினேன்.

விழா ரத்து, செய்தியை நிறுத்துங்கள் என்று நிருபருக்குப் போன் போட்டேன். டவர் இல்லை. மழையென்றால் நமக்கு டவரும் கிடையாது, கரண்டும் கிடையாது. கிடைத்தபோது பேப்பர் அச்சாகிவிட்டது.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லோர் கையிலும் பேப்பர். 'விளையாட்டு விழா கோலாகலமாக நடந்தது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில் மாணவி ஹரிணி முதலிடம் பெற்றுக் கோப்பையைத் தட்டிச் சென்றார்.' சத்துணவுச் சமையல் செய்கிற அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த மழையிலயும் நனையாம ஓடியிருக்காளே, பேப்பர் மேலயே ஓடிட்டாளா?" என்றது. பக்கத்தில் நின்ற ஃபாதர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அத்தோடு நின்றிருந்தால் ஒரு மறுப்புப் போட்டு முடித்திருக்கலாம். ஆனால் பெரியவரின் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மதியத்துக்குள் ரோட்டு முக்கில் பிளெக்ஸ் ஏறிவிட்டது. 'சாதனைச் சிங்கமே!' மேலே பெரியவர். இந்தப் பக்கம் கறுப்புக் கண்ணாடியோடு சித்தப்பா, அந்தப் பக்கம் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பெரியப்பா. கீழே வாழ்த்தும் நெஞ்சங்கள் என்று தலை தலையாக ஒரு கூட்டம், அதில் தவழுகிற குழந்தை வரை உண்டு. ஹரிணி மூலையில், ஆதார் அட்டைப் படத்தோடு. ஓடாத ஓட்டத்துக்கு இத்தனை பேர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஃபாதர் அறையில் கூடினோம். ஃபாதர், சிஸ்டர், பி.டி. டீச்சர், நான்.

"மறுப்புப் போட்டுருவோம் ஃபாதர்" என்றார் பி.டி. டீச்சர். "நடக்காததை நடந்ததுன்னு போட்டுட்டோம், மன்னிக்கணும்னு ரெண்டு வரி. போதும்."

"பள்ளிக்கூடம் பொய் சொல்லுச்சுன்னு நாமளே பேப்பர்ல போடுறதா?" என்றார் சிஸ்டர்.

"அப்ப வேற யாராச்சும் போடட்டுமா சிஸ்டர்?" என்று நான் கேட்டேன். சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் மின்விசிறி கொஞ்சம் மெதுவாகச் சுற்றியது.

ஃபாதர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "செய்தி தப்புன்னு ஏன் நினைக்கணும்? முன்னாடி வந்துருச்சு, அவ்வளவுதான். நாளைக்கு ஹரிணி ஜெயிச்சுட்டா செய்தி சரியாயிரும்ல?" என்றார்.

"பாண்டிமீனா ஓடுறப்ப எப்படி ஃபாதர் ஜெயிப்பா?"

"அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. சொன்னாக் கேட்டுக்கும்."

பி.டி. டீச்சர் எழுந்து வெளியே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் உடைந்திருக்கும்.

திங்கள் காலை அசெம்பிளி முடிந்ததும் ஃபாதர் பாண்டிமீனாவைக் கூப்பிட்டுவிட்டார். அன்று பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளைகளைப் படம் எடுக்க நான் அங்கேதான் நின்றேன். அந்தப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

"பாண்டிமீனா, நம்ம பள்ளிக்கூடத்துக்காக ஒண்ணு செய்வியா?"

"செய்றேன் ஃபாதர்."

"ஹரிணிக்கு இன்னைக்கு விட்டுக்குடுத்துரும்மா. ஒரு எட்டு பின்னால வந்தா என்ன கொறஞ்சுபோகப் போகுது?"

"அப்ப விடுதிக்கு யாரை அனுப்புவீக ஃபாதர்?" என்றாள்.

"அது... முறைப்படி ஜெயிக்கிறவளத்தான் அனுப்பணும். ஒனக்கு ஆண்டவர் வேற வழி வச்சிருப்பாரு. ஜெபம் பண்ணிக்குவோம்."

"சரிங்க ஃபாதர்."

முகத்தில் ஒன்றுமில்லை. மில்லுக்குப் போன அக்காவும் இப்படித்தான் 'சரிங்க' என்றிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆண்டவர் வைத்திருந்த வழியில் நாமே குறுக்கே நின்றுகொண்டு, வேறு வழி காட்டுவார் என்று ஜெபம் பண்ணச் சொன்னதை அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் ரகசியம் எங்கே தங்கும்? இடைவேளைக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. மதியம் மைக் வயரை இழுத்துக்கொண்டிருந்தபோது ஹரிணி வந்தாள். அழுது முடித்த மூஞ்சி.

"சார், காச்சல்னு சொல்லிப் படுத்துக்கிறேன்னு தாத்தாகிட்டச் சொன்னேன். விட மாட்டேங்கிறாக. ரோட்டுல போர்டு வச்சாச்சு, ஓடித்தான் ஆகணுமாம்."

"ஓடிட்டுப் போயேம்மா."

"அவளத் தோக்கச் சொல்லிட்டாகளாமே சார்! கிளாஸ்ல எல்லாரும் என்னப் பாத்துச் சிரிக்கிறாளுக. எனக்கு எதுக்கு சார் இந்த அசிங்கம்? நானும் ஜெயிக்க மாட்டேன். பாப்போம், யாரு யாரத் தோக்க வைக்கிறாகன்னு."

இரண்டு பிள்ளைகளும் ஒரே பந்தயத்தில் இறங்கப்போகிறார்கள், ஆனால் தோற்பதற்கு. எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

நாலு மணிக்கு ஓட்டம். காய்ந்த மைதானத்தில் புதுச் சுண்ணாம்புக் கோடு. மேடையில் பெரியவர், சித்தப்பா, பெரியப்பா, பிளெக்ஸில் இருந்த தலைகளில் பாதி. விசில் ஊதியதும் எட்டுப் பத்துப் பேர் கிளம்பினார்கள். முதல் இரண்டு சுற்றுக்குள் மற்றவர்கள் மூச்சு வாங்கி ஒதுங்கிவிட்டார்கள். மிஞ்சியது மூன்று பேர். முன்னால் பாண்டிமீனாவும் ஹரிணியும். வெகு பின்னால் ஒன்பதாம் வகுப்புச் சகாயராணி. இவள் எல்லாப் போட்டியிலும் பெயர் கொடுப்பாள், எல்லாவற்றிலும் கடைசியாக வருவாள். எல்லா ஸ்டாப்பிலும் நின்று வருகிற டவுன் பஸ்ஸு மாதிரி ஓட்டம். அவசரமும் கிடையாது, நிற்கிற பழக்கமும் கிடையாது.

கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்றில் பாண்டிமீனா வேகத்தைக் குறைத்தாள். ஹரிணியும் குறைத்தாள். பாண்டிமீனா இன்னும் குறைத்தாள். ஹரிணி நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். கூட்டத்துக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் ஒருத்தன் கத்தினான்: "ஏலே, கல்யாணத்துக்குப் பொண்ணழைப்பு மாதிரி வாராளுகடா!"

மைதானமே சிரித்தது. மேடையிலிருந்து பெரியவர், "ஹரிணி! ஓடு தாயி! ஓடு!" என்று கத்தினார். அவள் காலில் முள் குத்திய மாதிரி நொண்டிக்கொண்டே, "நீ போடி" என்றாள் பாண்டிமீனாவிடம். "நீ போ" என்றாள் அவள். மைக்கில் நான் என்ன சொல்வது? "போட்டி மிகக் கடுமையாக நடந்துகொண்டிருக்கிறது" என்றேன். பொய் இல்லையே.

இந்தக் கூத்துக்கு நடுவே டவுன் பஸ் வந்து சேர்ந்துவிட்டது. கடைசிச் சுற்றின் வளைவில் சகாயராணி இவர்களை எட்டிப் பிடித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு முன்னால் முதுகுகள் பக்கத்தில் தெரிந்திருக்கின்றன. பயந்துபோய்க் கேட்டாள்:

"என்னக்கா, ரெண்டு பேருக்கும் வயித்து வலியா?"

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "அப்ப நான் போறேன்க்கா" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனாள்.

பாண்டிமீனா அவள் முதுகைப் பார்த்தாள். மேடையைப் பார்த்தாள், அங்கே ஃபாதரைப் பார்த்தாள். அப்புறம் கிளம்பினாள் பாருங்கள்! அந்த ஓட்டத்தை எழுத எனக்குத் தெரியாது. டிராயிங் மாஸ்டர்தான், ஆனாலும் வரையவும் தெரியாது. பி.டி. டீச்சர் விசிலைக் கடித்துக்கொண்டு நின்றார், சத்தம் வரவில்லை. ஹரிணி நின்ற இடத்திலேயே கைதட்டினாள்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. கூட்டம் ஓட்டத்தைப் பார்த்தது, நான் மேடையையும் பார்த்தேன். ஃபாதர் எழுந்துவிட்டார். இரண்டு கையையும் தூக்கி, போட்டியை நிறுத்தச் சொல்லி எனக்குச் சைகை காட்டுகிறார். சிஸ்டர் படியிறங்கி என் பக்கம் வருகிறார், வாயில் ஏதோ தயாராக இருக்கிறது. 'இது கண்காட்சி ஓட்டம்' என்றோ, 'மறுபடி நடத்தப்படும்' என்றோ சொல்லச் சொல்வார்கள். அவர் வந்து சேர்ந்துவிட்டால் நான் சம்பளக்காரன். வந்து சேராத வரைக்கும் நான் செய்திக்காரன். பாண்டிமீனா கயிற்றைத் தொட இன்னும் சில எட்டுகள் இருந்தன. நான் காத்திருக்கவில்லை.

"முதலிடம், பத்தாம் வகுப்பு மாணவி பாண்டிமீனா!" என்று குழாய் ஒலிபெருக்கியில் ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டேன். நடக்கும் முன்பே செய்தி சொல்வது நம் பள்ளியின் வழக்கம்தானே, நான் ஒன்றும் புதிதாகச் செய்துவிடவில்லை. சிஸ்டர் பாதி வழியில் நின்றார். குழாய் வழியாக வெளியே போய்விட்ட பெயரைத் திரும்ப உள்ளே இழுக்கிற மெஷினை இன்னும் எவனும் கண்டுபிடிக்கவில்லை. தம்பி தங்கைகளே, உண்மையைச் சொல்ல தைரியம் வேண்டும் என்பார்கள். தைரியம் என்னிடம் கொஞ்சம்தான் இருந்தது. மேலதிகாரி படியிறங்கி வருகிற நேரத்துக்குள் சொல்லி முடிக்க அது போதும்.

சகாயராணி இரண்டாவதாக வந்து, கயிற்றைத் தாண்டியும் நிற்காமல் இன்னொரு சுற்று ஓடினாள். தான் ஏதோ வாங்கிவிட்டோம் என்று அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

கோப்பை கொடுக்கும் நேரம் பெரியவர் கிளம்பப் பார்த்தார். ஹரிணி மேடையேறி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உக்காருங்க தாத்தா. நான் பேப்பர்ல ஓடினது போதும்." அவர் உட்கார்ந்தார். பாண்டிமீனா வந்து நின்றதும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ யாரு மக?" என்றார். நம் பக்கத்தில் இந்தக் கேள்வி விசாரிப்பு இல்லை, அளவெடுப்பு. அவள் அப்பா பேரையும் ஊரையும் சொன்னாள்.

"ஓ, அவன் மகளா? ஒந் தாத்தன் நம்ம கொல்லையிலதான கெடந்தான்."

"ஆமாங்கய்யா. எங்கப்பா இப்ப சொந்தமா லோடு வண்டி ஓட்டுறாக."

மைக்கை நான் அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை. மைதானம் கேட்டுக்கொண்டது.

அன்று மாலை புதுச் செய்தியை நிருபருக்கு அனுப்பினேன். "இதே ஓட்டத்துல நேத்துதானே சார் வேற பிள்ளை ஜெயிச்சுச்சு?" என்றார். "அது உங்க பேப்பர்ல ஓடினது, இது மைதானத்துல ஓடினது" என்றேன். உரக்கடைக்காரர் சிரிக்கவில்லை, ஆனால் போட்டார். போர்வெல் விளம்பரத்துக்குக் கீழே ஒரு மூலையில். பிள்ளை பேர் முதல் வரியில் இருந்தது.

மறுநாள் விடுதிக்கான பரிந்துரைக் கடிதத்தை பி.டி. டீச்சரே எழுதி, ஃபாதர் மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். நானும் நின்றேன், கெபியில் படம் எடுக்கப் பூக்கள் கேட்டு வந்தவன் போல. ஃபாதர் பேனாவை மூடியும் திறந்தும் பார்த்துக்கொண்டிருந்தார். பாண்டிமீனாவை வரச் சொன்னார்.

"சரிங்க ஃபாதர்னு சொல்லிட்டுத்தானேம்மா போன? அப்புறம் ஏன் ஓடின?"

கேட்கும்போது அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

"ஹரிணிக்கு விட்டுக்குடுக்கச் சொன்னீக ஃபாதர், விட்டுக்குடுத்தேன். அவதான் வாங்கிக்கிடல. சகாயராணிக்கு விட்டுக்குடுக்கச் சொல்லலையே."

பி.டி. டீச்சர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் கூரையைப் பார்த்தேன். ஃபாதர் பேனாவைத் திறந்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதி, அவள் கையிலேயே கொடுத்தார்.

வாங்கிக்கொண்டு கதவு வரை போனவள் நின்று திரும்பினாள். முகத்தில் ஒரு துளி விளையாட்டு இல்லை.

"ஃபாதர், அங்க போனா யாருக்காச்சும் விட்டுக்குடுக்கணுமா? இப்பவே சொல்லிருங்க."

"யாருக்கும் வேண்டாம்மா" என்று சொல்வதற்கு ஃபாதருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.